50,000 அடி ஃபிலிம் தேடிப் போன ஏ. கே. செட்டியார்

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பலில் கோட்டையூர்க்காரர் ஒருவர் இருந்தார். அன்று காந்தியின் பிறந்தநாள். காந்தியின் வாழ்க்கையை ஒரு டாக்குமெண்டரிப் படமாக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கடல் பயணத்தில்தான் அவருக்கு வந்தது. அவருக்கு 26 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. கையில் பெரிய பணம் இல்லை, பின்னால் எந்த அரசும் இல்லை, ஸ்டூடியோவும் இல்லை. ஆவணப்படங்களுக்கான இந்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் பிறக்கவே இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. ஆனால் மூன்றே ஆண்டுகளில் படம் திரைக்கு வந்துவிட்டது.

அண்ணாமலை கருப்பன் செட்டியார் என்ற ஏ. கே. செட்டியாரைத் தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் ‘உலகம் சுற்றிய தமிழன்’ என்ற பட்டத்தோடுதான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். பயண எழுத்தாளர், ‘குமரி மலர்’ பத்திரிகை ஆசிரியர், நடுவில் ஒரு காந்தி படம் எடுத்தார் என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். எனக்கு அந்தப் பிரிப்பில் உடன்பாடு இல்லை. அவர் எழுதியதையும் செய்ததையும் படிக்கப் படிக்க, வாழ்நாள் முழுக்க அவர் ஒரே வேலையைத்தான் செய்தார் என்று தோன்றுகிறது. சிதறிக் கிடப்பதைத் தேடிப் போவது, கிடைத்ததைச் சேர்ப்பது, ஒழுங்கு செய்து அடுத்தவர் கையில் கொடுப்பது. காந்தி படம் அந்த வேலையின் மிகப் பெரிய அத்தியாயம்.

செட்டிநாட்டில் 1911 நவம்பரில் பிறந்தவருக்குக் கடல் தாண்டுவது அதிசயமான காரியம் அல்ல. பர்மா, மலேயா, இலங்கை என்று நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வணிகம் செய்யப் போன காலம் அது. செட்டியாரும் ரங்கூனுக்குப் போனார். ஆனால் வட்டிக்கடைக்குப் போகாமல் பத்திரிகைக்குப் போனார். அங்கிருந்து வந்த ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக இருந்தார். அப்புறம் ஜப்பான் சென்று டோக்கியோவில் புகைப்படக் கலை படித்தார். அடுத்து நியூயார்க் சென்று அதிலேயே மேற்கொண்டு பயிற்சி பெற்றார். 1930-களில் ஒரு தமிழ் இளைஞர் இப்படிப் படிக்கக் கிளம்புவதை நினைத்துப் பாருங்கள். சினிமாவில் சேர ஆசைப்பட்டவர்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போன காலத்தில் இவர் பசிபிக்கைத் தாண்டிப் போயிருக்கிறார்.

சரி, படத்துக்கு வருவோம்.

காந்தியைப் படம் எடுக்க வேண்டும் என்றால் நமக்குத் தோன்றும் வழி, கேமராவைத் தூக்கிக்கொண்டு அவருடைய சேவாகிராம ஆசிரமத்துக்குப் போவது. அப்படிச் செய்தால் 1938-ல் 68 வயதுக் காந்தி கிடைப்பார். தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்தவர் கிடைக்கமாட்டார். 1930-ல் தண்டிக்கு நடந்தவர் கிடைக்கமாட்டார். 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் போய், கிழக்குப் பகுதியின் ஏழைகள் நடுவே கிங்ஸ்லி ஹாலில் தங்கியவர் கிடைக்கமாட்டார். அந்தக் காந்திகளையெல்லாம் வேறு யாராவது, எங்காவது, எதற்காகவோ படம் பிடித்திருந்தால்தான் உண்டு.

பிடித்திருந்தார்கள். தொலைக்காட்சிக்கு முந்திய உலகத்தில் செய்திப்படக் கம்பெனிகள் வாரத்துக்கு இரண்டு முறைகூடத் தியேட்டர்களுக்குச் சுருள்கள் அனுப்பிக்கொண்டிருந்தன. குதிரைப் பந்தயம், மன்னர் ஊர்வலம், புதிய கப்பல், நடுவே அரை நிமிடம் காந்தி. 1931 செப்டம்பர் 12 முதல் டிசம்பர் 5 வரை காந்தி இங்கிலாந்தில் இருந்தபோது செய்திப்படக்காரர்கள் அவரை விடாமல் துரத்தினார்கள். அந்த வாரம் ஓடி முடிந்ததும் சுருள் கிடங்குக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அதை யாரும் கேட்டு வரமாட்டார்கள். இதைத் தவிரத் தனியார் சிலர் தங்கள் சொந்த கேமராவில் எடுத்ததும் உண்டு.

செட்டியார் கேட்டு வந்தார். சென்னையில் டாகுமெண்டரி ஃபிலிம்ஸ் லிமிடெட் என்ற கம்பெனியைத் தொடங்கி, தென்னாப்பிரிக்காவிலிருந்து இங்கிலாந்து, ஐரோப்பா, அமெரிக்கா வரை அலைந்தார். 30 ஆண்டுக் காலத்தில் சுமார் 100 கேமராமேன்கள் எடுத்திருந்த படங்களிலிருந்து 50,000 அடி ஃபிலிம் சேர்த்தார். அதிலிருந்து 12,000 அடிக்குப் படத்தை ஆக்கினார். காந்தியை அறிந்தவர்களையும் வழியில் தேடிப் போய்ச் சந்தித்தார். பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலந்து அவர்களில் ஒருவர்.

இந்த எண்களைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இவற்றுக்குள் இருக்கும் உழைப்பு அந்த வரியைப் படிக்கும்போது தெரிவதில்லை. நான் சில காலம் எடிட்டிங் மேஜைப் பக்கம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம்கள். பேசும்படத்தின் வேகம் நொடிக்கு 24 பிரேம். அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 12,000 அடி என்பது சுமார் இரண்டேகால் மணி நேரப் படம். 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்துக்கு மேல். ஆயிரம் அடி டப்பாக்களாக அடுக்கினால் 50 டப்பா.

அந்த 50 டப்பாவும் ஒரே மாதிரி இருந்திருக்காது என்பதுதான் பெரிய சிக்கல். 1927-க்கு முந்திய படங்கள் ஏறக்குறைய எல்லாமே மௌனப் படங்கள். அவை நொடிக்கு 16, 18 பிரேம் என்ற கணக்கில், பல சமயம் கேமராமேன் கையால் சுற்றி எடுத்தவை. அவற்றை 24 வேகத்தில் அப்படியே ஓட்டினால் எல்லாரும் தட்டுத்தடுமாறி ஓடுவதுபோலத் தெரியும். காந்தி இயல்பாகவே வேகமாக நடக்கிறவர். அவரை இன்னும் வேகப்படுத்தினால் பார்க்கிறவர் சிரித்துவிடுவார். அந்தக் காலத்தில் இதற்கு இருந்த வழி, இரண்டு பிரேமுக்கு ஒரு பிரேமை லேபில் மறுபடி அச்சடித்து நீளத்தைக் கூட்டுவது. அசைவு லேசாகத் திக்கும், ஆனால் நடை நடையாக இருக்கும். ஒரு துண்டு பளிச்சென்று இருக்கும், அடுத்தது பிரதியின் பிரதியின் பிரதியாக மங்கிப்போயிருக்கும். ஒன்றில் ஆள் இடமிருந்து வலம் போவார், ஒட்ட வேண்டிய அடுத்த துண்டில் வலமிருந்து இடம் வருவார். 100 பேர் கண்ணால் பார்த்ததை ஒருவர் பார்த்ததுபோல ஆக்க வேண்டும். எதுவும் சரியில்லை என்றால் திரும்பப் போய் எடுத்துவர முடியாது. தண்டி யாத்திரை ஒரு தடவைதான் நடந்தது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் எடுத்த பழைய செய்திப்படங்களை வெட்டி ஒட்டிப் புதிய படம் செய்யலாம் என்பதை உலகத்துக்குக் காட்டியவர் சோவியத் எடிட்டர் எஸ்ஃபிர் ஷூப். ரஷ்ய ஜார் குடும்பத்தின் சொந்தச் சுருள்களையும் பழைய செய்திப்படங்களையும் கொண்டு 1927-ல் அவர் ஒரு முழுநீளப் படம் செய்தார். அவர் பின்னால் ஓர் அரசு இருந்தது. அவர் தேடிய சுருள்கள் பெரும்பாலும் அந்த அரசின் ஆட்சிக்கு உட்பட்ட நாட்டில் இருந்தன. செட்டியார் தேடியவை கண்டங்கள் தாண்டிச் சிதறிக் கிடந்தன. எந்தக் கதவைத் தட்டினாலும் அவர் பிரிட்டிஷ் இந்தியப் பிரஜை, தேடியதோ பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை எதிர்த்து நின்ற மனிதரின் படம். ஷூப் பெயர் உலகத் திரைப்படப் பாடநூல்களில் இருக்கிறது. அதே வரிசையில் செட்டியாரின் பெயரும் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இவ்வளவும் யாருக்காக? சினிமாவே பிடிக்காத ஒருவருக்காக. 1927-28-ல் இந்திய சினிமாட்டோகிராஃப் கமிட்டி கேள்விப் பட்டியல் அனுப்பியபோது, தான் சினிமாவுக்குப் போனதே இல்லை, அது தீமை செய்கிறது என்ற பொருளில் பதில் அனுப்பியவர் காந்தி. அவரிடமிருந்து உற்சாகமான ஒத்துழைப்பை எதிர்பார்த்து யாரும் படம் தொடங்க முடியாது. கேமராவுக்கு முகம் காட்டாத ஒருவரைப் பற்றி, ஏற்கெனவே பிடிபட்ட கணங்களை வைத்துப் படம் செய்வது எவ்வளவு பொருத்தம் என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

படம் தமிழ் வர்ணனையோடு 1940 ஆகஸ்ட் 23 அன்று வெளிவந்தது. டி. கே. பட்டம்மாள் பாடிய ‘ஆடு ராட்டே’ அதில் இருந்தது. பிறகு தெலுங்கிலும் வந்தது. காந்தியின் வாழ்க்கையை முழுமையாகச் சொன்ன முதல் ஆவணப்படம் முதலில் பேசிய மொழி தமிழ். இதை நான் ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் மனம் நிறைகிறது.

ஆனால் அந்தத் தேதியைக் கவனியுங்கள். செட்டியாருக்குக் கப்பலில் யோசனை வந்த 1937-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை பதவிக்கு வந்திருந்தது. காந்தி குல்லாயைத் திரையில் காட்டலாம், தேசியப் பாட்டு போடலாம் என்ற சூழ்நிலை இருந்தது. 1939-ல் உலக யுத்தம் தொடங்கியது. இந்தியாவைக் கேட்காமல் யுத்தத்தில் இழுத்ததைக் கண்டித்து மந்திரிசபை ராஜினாமா செய்தது. நிர்வாகம் கவர்னர் கைக்குப் போனது. 1939-ல் வெளிவந்து ஓஹோவென்று ஓடிய கே. சுப்ரமணியத்தின் ‘தியாகபூமி’க்கு அதன்பின் தடை விழுந்தது. செட்டியாரின் படம் அந்தக் காற்றில்தான் வெளிவந்தது. இரண்டு மாதத்துக்குள், அக்டோபரில், தனிநபர் சத்தியாக்கிரகம் ஆரம்பித்துவிட்டது. 1942-ல் வெள்ளையனே வெளியேறு. படச் சுருள்களைப் போலீஸ் கண்ணில் படாமல் மறைத்துக் காப்பாற்ற வேண்டிய நிலைமை. மூன்று ஆண்டு கடல் கடந்து சேர்த்ததை ஊருக்குக் காட்டவேண்டிய நேரத்தில் ஒளித்து வைக்க நேர்ந்தது.

நல்ல வேளையாக அது அப்படியே முடியவில்லை. 1947-ல் சுதந்திரத்தை ஒட்டி டெல்லியில் இந்தி வர்ணனையோடு படம் காட்டப்பட்டது. பிறகு செட்டியார் அமெரிக்காவுக்குப் போனார். ஹாலிவுட்டில் ஆங்கில வடிவம் ஒன்று தயாராகி 1953-ல் வெளிவந்தது. வர்ணனை அமெரிக்கப் பத்திரிகையாளர் குவென்டின் ரெனால்ட்ஸுடையது. அது தமிழ்ப் படத்தைவிடச் சுருக்கமானது.

இன்று நம்மிடம் இருப்பது அந்தச் சுருக்கமான ஆங்கில வடிவம்தான். வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி பல ஆண்டுகள் விடாமல் தேடியதன் பலனாக அது அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருப்பது தெரியவந்தது. தமிழ்ப் பிரதி கிடைக்கவில்லை. தெலுங்கும் கிடைக்கவில்லை. உலகம் முழுக்க அலைந்து அடுத்தவர்கள் மறந்துபோன சுருள்களை மீட்ட மனிதரின் சொந்தப் படச் சுருளைக் காப்பாற்ற நம்மிடம் ஆள் இல்லாமல் போயிற்று. இதை எழுதும்போது எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது.

காரணங்கள் இல்லாமல் இல்லை. 1950-களின் தொடக்கம் வரை 35 மி.மீ. ஃபிலிம் பெரும்பாலும் நைட்ரேட் அடித்தளத்தில் செய்யப்பட்டது. சட்டென்று தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீரில் போட்டாலும் அணையாது, எரியத் தேவையான ஆக்சிஜனை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். தீப்பிடிக்காவிட்டாலும் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் முதலில் பிம்பம் மங்கும், பிறகு பிசுபிசுக்கும், சுருள் ஒட்டிக்கொள்ளும், கடைசியில் பழுப்புத் தூளாகிவிடும். சென்னை வெயிலில் குளிர்சாதனம் இல்லாத அறையில் இது அதிக காலம் தாங்காது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964-ல்தான். அதற்குள் தென்னிந்திய மௌனப் படங்கள் அநேகமாக எல்லாமே போய்விட்டன, ‘மார்த்தாண்ட வர்மா’ மாதிரி ஒன்று தப்பியதே அதிசயம்.

1968-ல் காந்தி நினைவு நிதி சார்பில் விட்டல்பாய் ஜவேரி ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் காந்தி ஆவணப்படத்தைக் கொண்டுவந்தார். மகத்தான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பின்னால் நிறுவனங்கள் இருந்தன. 28 ஆண்டு முன்னால் ஒருவர் இதைத் தனியாகத் தொடங்கி முடித்தார் என்பது வெளியே எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது?

செட்டியாரும் அதைச் சொல்லிக்கொண்டு திரியவில்லை. 1943-லேயே ‘குமரி மலர்’ தொடங்கியிருந்தார். 1983-ல் இறக்கும்வரை அதுதான் அவர் வேலை. என்னைப் பொறுத்தவரை காந்தி படத்துக்குச் சமமான சாதனை அது. பழைய பத்திரிகைகளில், அரசாங்க அறிக்கைகளில், யாருடைய பரணிலோ கிடந்த நூல்களில் புதைந்துபோயிருந்த கட்டுரைகளைத் தேடித் தேடி எடுத்து அந்தச் சின்ன இதழில் மறுபடி அச்சிட்டார். பாரதியைப் பற்றி, பழைய சென்னையைப் பற்றி, ரயில் வந்த காலத்தைப் பற்றி, பஞ்சங்களைப் பற்றி. ஆசிரியரின் குரல் அதிகம் கேட்காது. ஒரு துண்டு, அதன் பக்கத்தில் இன்னொரு துண்டு, எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு, அவ்வளவுதான். எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்தவர் காகிதத்தில் செய்த வேலை என்று அதைப் பார்த்தவுடனே எனக்குப் புரிந்தது. 1968-ல் வந்த அவருடைய ‘தமிழ்நாடு’ தொகுப்பும் அப்படித்தான். நம் ஊர்களைப் பற்றிப் பலர் பல காலத்தில் எழுதிய பயணக் கட்டுரைகளைச் சேர்த்து ஒரு நாட்டின் படத்தைக் காட்டுகிறது.

அவருடைய சொந்தப் பயண நூல்களிலும் அதே கைதான். ஜப்பானைப் பற்றி 1930-களில் எழுதத் தொடங்கி கரிபியன், கயானா வரைக்கும் போனார். எங்கே போனாலும் அங்கே தமிழர்கள் இருக்கிறார்களா, எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து எழுதினார். ‘நான்’ என்ற சொல் அபூர்வமாகத்தான் வரும். சிறு சிறு வாக்கியங்கள். பார்த்ததைச் சொல்வார், கேட்டதைச் சொல்வார், அடுத்த ஊருக்குப் போய்விடுவார். புகைப்படம் படித்தவர், ஆனால் அவருடைய படங்கள் மிகச் சிலவே கிடைக்கின்றன. இன்று ஒரு விமானப் பயணத்துக்கு நாம் எடுக்கும் செல்ஃபிகளைவிடக் குறைவாக இருக்கும்.

காந்தி படம் எடுத்த கதையையும் அவர் பின்னாளில் ‘குமரி மலரில்’ தொடராக எழுதினார். வேங்கடாசலபதி அதைப் பதிப்பித்து 2003-ல் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாகக் கொண்டுவந்தார். செட்டியாரைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் புத்தகத்தைத்தான். அதை வாசித்துவிட்டுப் பயண நூல்களுக்குப் போனால் அவற்றின் அமைதி வேறு மாதிரி தெரியும்.

1983 ஏப்ரலில் அட்டன்பரோவின் ‘காந்தி’ எட்டு ஆஸ்கர்களை வாங்கியது. உலகமே காந்தியைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் செட்டியார் காலமானார்.

அவர் பெயரில் ஒரு விருது வேண்டும், சிலை வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. தமிழ்ப் பிரதியை நாம் தேடுவதை நிறுத்தக்கூடாது என்றுதான் கேட்கிறேன். 1940-ல் திரையரங்குகளுக்குப் போன பிரதிகள் ஒன்றிரண்டு அல்ல. விநியோகஸ்தர் வீடுகள், மூடிப்போன தியேட்டர்களின் புரொஜக்டர் அறைகள், சர்வோதய சங்கங்களின் அலமாரிகள், மலேசியாவிலும் இலங்கையிலும் பழைய தமிழ்க் குடும்பங்களின் கிடங்குகள் என்று எங்கே வேண்டுமானாலும் ஒரு சுருள் தப்பியிருக்கலாம். முழுப் படம்கூட வேண்டாம், தமிழ் வர்ணனை பதிந்த ஒரே ஒரு ரீல் கிடைத்தாலும் போதும், அந்தப் படம் எப்படிப் பேசியது என்று நமக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பரணிலோ தெரிந்தவர் கடையிலோ பழைய ஃபிலிம் டப்பா இருந்தால் தயவுசெய்து பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். திறக்கும்போது பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இருக்கக் கூடாது. புரொஜக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்கவும் கூடாது. வெளிச்சத்தில் முதல் சில அடிகளை மட்டும் மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். ஓரத்தில் ஆங்கிலத்தில் ‘நைட்ரேட்’ என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் 1950-களின் தொடக்கத்திலோ அதற்கு முன்போ செய்ததாக இருக்கும். பெட்டியின் மேலும் சுருளின் தலைப்பிலும் உள்ள எழுத்துகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவை மூடி வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, புனே காப்பகத்துக்கு எழுதுங்கள்.